மீட்டர் அளப்பது சர்க்கரையை அல்ல

"இப்பத்தான் பார்த்தேன், 142. அடுத்த ஸ்ட்ரிப்ல 155 காட்டுது. மெஷின் போச்சு!"

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மெஷின் போகவில்லை. அது எதை அளக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

குளுக்கோமீட்டருக்குள் சர்க்கரையைக் கண்டறியும் பொருள் எதுவும் கிடையாது. அந்த வேலை முழுவதும் ஸ்ட்ரிப்பில் நடக்கிறது. அதில் உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும் நொதி, குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. இன்னொரு வேதிப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கொண்டு சேர்க்கிறது. மீட்டர் அந்த மின்முனைக்குச் சில நூறு மில்லிவோல்ட் கொடுத்து, சில விநாடிகள் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்கிறது. அந்த மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அதிலிருந்து கணக்கிட்ட எண்தான் திரையில் வருவது. நொதியையும் மின்முனையையும் சேர்க்கலாம் என்று கிளார்க்கும் லயன்ஸும் 1962இல் காட்டிய வழி இது.

இப்படிக் கணக்கிட்ட எண்ணுக்கு ஒரு விலகல் வரம்பு உண்டு. ஐஎஸ்ஓ 15197 தரவிதியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் 15 மி.கி. வரையிலும், அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காடு வரையிலும் விலகலாம். நூற்றுக்கு 95 அளவீடுகள் இந்த வரம்புக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 150 என்றால் 128 காட்டினாலும் 172 காட்டினாலும் மீட்டர் விதிக்குள்தான் இருக்கிறது. 142க்கும் 155க்கும் நடுவே மருந்தின் அளவைத் தானாக மாற்றிக்கொள்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

"சிக்னல் சிறிதா? பெருக்கிவிட்டால் போயிற்று."

இது கருவியியல் படிக்கும் மாணவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. மைக்ரோ ஆம்பியரில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு லட்சம் ஓம் மின்தடை வழியே ஒரு மைக்ரோ ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் கிடைக்கும். சாதாரண சிப்பே அதைப் படித்துவிடும். ஆனால் ஆய்வகங்களில் உருவாகும் உயிரிஉணரிகள் சில, பிகோ ஆம்பியரில் பேசுகின்றன. அது மைக்ரோ ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே 100 கோடி ஓம் மின்தடை போட்டால்தான் பிகோ ஆம்பியருக்கு ஒரு மில்லிவோல்ட் கிடைக்கும்.

வெப்பத்தால் எந்த மின்தடையும் தானாகவே இரைச்சலை எழுப்பும். பெல் ஆய்வகத்தின் ஜான்சன் 1928இல் இதை அளந்து வெளியிட்டார். முதல் கட்டத்தில் சேர்ந்த இந்த இரைச்சலை அடுத்த கட்டப் பெருக்கி சிக்னலிலிருந்து பிரித்தறியாது. இரண்டையும் ஒரே மடங்கு பெருக்கும். ஆகவே, முதல் கட்ட மின்தடையைத்தான் பெரிதாக்க வேண்டும். அதை நூறு மடங்கு ஆக்கினால் சிக்னல் நூறு மடங்கு கூடும், இரைச்சல் பத்து மடங்குதான் கூடும். பதிலுக்கு வேகம் குறையும். உணரியின் சிக்னல் நிதானமாக மாறுவதாக இருந்தால் அந்த இழப்பைத் தாராளமாக ஏற்கலாம்.

பிகோ ஆம்பியர் உலகில் சர்க்யூட் பலகையும் கடத்தத் தொடங்கிவிடும். விரல் ரேகையின் எண்ணெய், சால்டரிங் ஃப்ளக்ஸின் மிச்சம், மழைக்கால ஈரம் எல்லாம் கசிவுப் பாதைகள். லட்சம் கோடி ஓம் தடையுள்ள பாதைகூட 5 வோல்ட்டில் 5 பிகோ ஆம்பியரைக் கசியவிடும். அளக்க வந்த சிக்னலைவிட அது பெரிது! உள்ளீட்டுப் புள்ளியைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் ஒரு செம்பு வளையம் போடுவது இதற்காகத்தான். அழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் கசிவுக்கு உந்துதல் இல்லை. பல ஆயிரம் ரூபாய் சிப்பை வாங்கிவிட்டுப் பலகையைக் கழுவாமல் விடுவது எனக்குப் பொறுக்காத காரியம்.

பேட்டரியில் ஓட்டினால் மின்கம்பி இரைச்சல் வராது என்பது பாதி உண்மை. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தொடாமலேயே கேபிளிலும் நம் உடம்பிலும் ஏறும். உலோகக் கூண்டு வேண்டும். அளவீட்டை முழு 20 மில்லி விநாடிகளின் மடங்குகளில் சராசரி எடுக்கவும் வேண்டும். அப்போது மேலும் கீழும் ஆடும் அலை தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறையும்.

"ஸ்பிரிட்டால் துடைத்தால் விரல் சுத்தம்."

மீட்டருக்குத் திரும்புவோம். முதல் கட்டத்தில் கலந்தது பிறகு பிரியாது என்பது இங்கேயும் பொருந்தும். ஸ்ட்ரிப் உறிஞ்சுவது சுமார் அரை மைக்ரோ லிட்டர் ரத்தம். சர்க்கரை 100 என்றால் அதில் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோ கிராம், அதாவது ஒரு கிராமில் 20 லட்சத்தில் ஒரு பங்கு. விரலில் ஒட்டிய பழச்சாற்றிலிருந்து அதே அளவு குளுக்கோஸ் சேர்ந்தால் திரையில் 200 வரும். பழம் உரித்த கைகளை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது: ஆல்கஹாலால் துடைத்த பிறகும் அளவு அதிகமாகவே வந்தது, தண்ணீரில் கழுவிய பிறகு சரியானது. குழாயடிக்குப் போய்க் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து, அளவு குறைந்து காட்டும்.

"மீட்டர் எல்லோருக்கும் ஒன்றுபோலக் காட்டும்."

ரத்தசோகை உள்ளவருக்குப் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணுக்கள் குறைந்தால் குளுக்கோஸ் மின்முனையை எளிதாக எட்டுகிறது, மின்னோட்டம் ஏறுகிறது. தாழ்சர்க்கரை வந்தும் திரையில் நல்ல எண் தெரியக்கூடும் என்பதுதான் இதில் ஆபத்து. இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ள நிலையில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. புதிய மீட்டர்கள் சில, மாறுமின்னோட்டத்தால் சிவப்பணு அளவைக் கணித்துத் திருத்திக்கொள்கின்றன. உங்கள் மீட்டர் எந்த அளவுவரை ஈடுகொடுக்கும் என்பது ஸ்ட்ரிப் பெட்டியில் உள்ள தாளில் இருக்கும்.

"லேப் எண்தான் இறுதி" என்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு. குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். சாப்பிட்ட பிறகோ, விரல்நுனி ரத்தத்தில் இருப்பதைவிடக் கை நரம்பு ரத்தத்தில் சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும். உங்கள் மீட்டரை லேபுடன் ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில் போங்கள், நரம்பில் ரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் கழுவிய விரலைக் குத்திப் பாருங்கள், குழாயை உடனே பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வித்தியாசம் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் மீட்டரை மாற்ற வேண்டியதில்லை.