வீட்டுப்பட்டும் காட்டுப்பட்டும்

பட்டு நல்கும் அந்துப்பூச்சிகள் இரண்டனை ஈண்டு ஒப்புநோக்குவாம். முசுக்கட்டை இலையுண்டு வளரும் வீட்டுப்பட்டுப்பூச்சி, சீனத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் கைப்பட்டது. அன்றுதொட்டுப் பேணப்பட்டமையால் அது பறக்குந் திறனையே இழந்தது. வெண்சிறகு உண்டு, பயனில்லை. இலையிடுவார் இல்லையெனின் அதன் புழுவும் மடியும்.

டசர்ப்பூச்சியோ ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் முதலிய நாட்டுக் காடுகளில் மருது, கருமருது, சாலமரங்களில் வாழ்வது. மருதினை வயலோடு சேர்த்தே படித்துப் பழகிய எமக்கு இது புதுமையாகும்! அதன் அகன்ற சிறகு நான்கினும் கண்போன்ற புள்ளியொன்று விளங்கும். கூடு மிகக் கடினமானது. காம்பினாற் கிளையைப் பற்றித் தொங்கும். பழங்குடியினர் மரத்திற் புழுக்களை விட்டு, பறவையும் எறும்பும் அணுகாவண்ணம் காப்பர். ஆயினும் பறத்தலை அப்பூச்சி மறந்திலது.

சிறகு முளைத்தபின் இரண்டும் உண்பதில்லை. சில நாளே வாழும். நூல் அறாதிருத்தற்பொருட்டுப் பெரும்பாலானவற்றிற்கு அச்சின்னாளும் கிட்டுவதில்லை. கூட்டினுள்ளேயே வெப்பத்தாற் கொல்லப்படுகின்றன.