போகியன்று மூடவேண்டிய பேரேடு
(திருப்பாவை ஐந்தாம் பாசுரத்தை முன்னிட்டு)

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி முழுவதும் திருப்பாவையை அநுஸந்தித்து, போகித் திருநாளை எட்டுகிறோம். பல திவ்யதேசங்களில் அன்று ஆண்டாள் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. இல்லங்களில் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் வாசலில் எரிக்கப்படுகின்றன. ஓராண்டுக் காலம் மனத்துள் சேர்ந்தவற்றை எந்தத் தீயில் இடுவது? நாச்சியார் இதற்கான விடையை ஐந்தாம் பாசுரத்திலேயே அருளிச்செய்துவிட்டாள்.

நோன்பு நோற்க வந்த ஆய்ச்சியருக்கு ஓர் ஐயம் எழுகிறது. வஸிஷ்டர் நாள் குறித்துக் கொடுத்த இராமபிரானுடைய திருவபிஷேகத்துக்கே இடையூறு வந்ததே. அளவற்ற வினைகளைச் சுமந்திருக்கும் நம் நோன்பு எங்ஙனம் நிறைவேறும்? இவ்வையத்தையே பூருவாசார்யர்கள் இப்பாசுரத்துக்கு அவதாரிகையாகக் காட்டுவர். கண்ணனை மெய்யாலும் வாயாலும் மனத்தாலும் பற்றினால், முன் செய்த பிழைகளும் இனி வந்து சேரக்கூடியவைகளும் நெருப்பிலிட்ட பஞ்சுபோலாகும் என்று ஆண்டாள் அவர்களைத் தேற்றுகிறாள்.

பிரஹ்மஸூத்ரம் நான்காம் அத்யாயத்தில் இவ்விரண்டும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. முன்வினைக்கு அழிவு, பின்வினைக்கு ஒட்டாமை. பின்வினை என்பது அறியாமல் நேர்வதையே குறிக்கும் என்று வ்யாக்யாதாக்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆகவே, பழையது எரிந்துவிடும் என்னும் துணிவில் அறிந்தே புதிதாகப் பிழை செய்ய இங்கு இடமில்லை.

நாம் வணிகவியல் பயின்று, வங்கியில் பணியாற்றி, ஓய்வுபெற்றுக் காரைக்குடியில் வசிக்கிறோம். ஆண்டுக் கணக்கை முடிப்பது எமக்குப் பழகிய தொழில். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய இவ்வூர் நகரத்தார் தம் கணக்கை ஐந்தொகையாகத் திரட்டிப் பார்ப்பர். பற்றும் வரவும் சமன் ஆகாவிடில், எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

சென்ற ஆண்டு மார்கழியில் எம் மனத்துக்கு அவ்வாறு ஓர் ஐந்தொகை எடுக்க முற்பட்டோம். எம் இளைய சகோதரர் பல ஆண்டுகளுக்கு முன் தம் மகள் திருமணத்துக்காக எம்மிடம் ஒரு தொகை வாங்கியிருந்தார். பாதியைத் திருப்பித் தந்தார்; மீதி நின்றது. பேச்சும் நின்றது. ஆண்டுதோறும் அந்தப் பற்றை நாம் தவறாமல் அடுத்த ஆண்டுக்கு எடுத்தெழுதி வந்தோம். ஆனால் ஒரு விசேஷத்தில், உறவினர் பலர் முன்னிலையில், நாம் அவரிடம் அந்தத் தொகையைக் கேட்டதும், அவர் தலைகுனிந்து பந்தியிலிருந்து எழுந்து சென்றதும் எம் ஏட்டில் எங்கும் பதிவாகவில்லை. சமன் ஆகாமைக்குக் காரணம் புரிந்தது.

ஸஹஸ்ரநாமத்தில் எம்பெருமானுக்கு ‘அவிஜ்ஞாதா’ என்று ஒரு திருநாமம் உண்டு. அறியாதவன் என்பது இதன் நேர்ப்பொருள். எல்லாம் அறிந்தவனுக்கு இது எங்ஙனம் பொருந்தும்? அடியார்களுடைய குற்றங்களை அறியாதவன் என்று பராசர பட்டர் ரஸமாகப் பொருள் அருளினார். ஸர்வஜ்ஞன் நம் பிழையைக் காணாதிருக்க, ஒன்றும் அறியாத நாம் பிறர் பிழையை மட்டும் நாள், தேதி மாறாமல் நினைவில் வைத்திருக்கிறோம்! ஐந்தாம் பாசுரம் எரிப்பதாகச் சொல்வது நம் பிழைகளையே. அவற்றை நம்முடையவை என்று ஒப்புக்கொண்டாலன்றோ தீயில் இடமுடியும்?

மனம் தெளிந்த பின்பு போகலாம் என்றே பல ஆண்டுகளைக் கழித்தோம். இங்குதான் பாசுரத்தின் வரிசை எமக்குப் பாடமாயிற்று. மனம், வாக்கு, காயம் என்பது உலகவழக்கு. நாச்சியாரோ வந்து தொழுவதை முதலிலும், வாயால் பாடுவதை அடுத்தும், மனத்தால் சிந்திப்பதை இறுதியிலும் வைத்தாள். திரௌபதி நீராடிவிட்டுச் சரணம் புகவில்லை என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் எடுத்துக்காட்டுவதும் இங்கே நினைக்கத்தக்கது. தகுதி வரட்டும் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருப்பான்.

போகியன்று காலையில் அரியக்குடிக்குச் சென்றோம். தென் திருப்பதி எனப் போற்றப்படும் திருவேங்கடமுடையான் ஸந்நிதி அங்குள்ளது. திருப்பாவை முப்பதுக்கும் இசையமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த ராமாநுஜ ஐயங்கார் பிறந்த ஊரும் அதுவே. பெருமாளை ஸேவித்து, அவ்வூரிலேயே வசிக்கும் சகோதரர் இல்லத்துக்கு நடந்தோம். கால் முன்னே சென்றது. மனம் பின்தங்கியே வந்தது.

திண்ணையில் அமர்ந்திருந்தவர் எழுந்தார். “அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நான் அப்படிக் கேட்டிருக்கப்படாதுடா” என்றோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “உள்ளே வாங்கோ அண்ணா, தளிகை ஆயிடுத்து” என்றார். பணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வங்கிகளில் தவணை தவறி 90 நாள்களைக் கடந்த கடன் வாராக்கடன் ஆகும். அதன் பின், கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதலாகாது. கடன் ரத்தாகிவிட்டது என்பதன்று இதன் பொருள். இல்லாத இலாபத்தை ஏட்டில் வளர்க்காதே என்பதே. மனத்தாங்கலுக்கும் இவ்விதி பொருந்தும். எம் சகோதரர் தரவேண்டிய மீதி இன்றும் நிலுவையில்தான் உள்ளது. வட்டி எழுதுவதை மட்டும் நாம் நிறுத்திவிட்டோம். அதனால் ஒழிந்த இடத்தில் இவ்வாண்டு மார்கழியின் பாசுரங்கள் சிறிது தாராளமாகவே வந்து அமர்ந்தன.

அடியார்களே! இப்போகியன்று வாசலில் தீ மூட்டுமுன், விடுபட்டுப்போன அந்த ஒரு பதிவைத் தேடி எழுதுவோம். எரிக்கும் பொறுப்பு அவனுடையது.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.