வேடியப்பன் வகுப்பறைக்குள் வரட்டும்

பல்லவர் பாடம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு மாமல்லபுரமும் காஞ்சியும்தான் நினைவுக்கு வரும். அதே காலத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் மந்தை காத்து மாண்டவர்களுக்கு ஊரார் கல் நட்டார்கள். அரசரல்லாதவர்களின் வரலாறு இவ்வளவு அருகில் இருக்கும்போது, கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பள்ளிகள் அதைப் பாடத்துக்குள் கொண்டுவர யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில், தனிப் பாடவேளை கேட்காதீர்கள். தனியாக வைத்தால் தேர்வு நெருங்கும்போது அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள். ஆண்டுத் திட்டம் எழுதும்போதே, இருக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே நம் மாவட்டத்திலோ அருகிலோ உள்ள சான்று ஒன்றைக் குறித்துவிடுங்கள். சமணம் வந்தால் போளூர் அருகே திருமலை. கோட்டை, படையெடுப்பு என்றால் பக்கத்துச் செஞ்சி. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் அது சேர்ந்ததையும் சொல்லுங்கள். நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கை மாறிய இடம் அது. ஒருவரை மட்டும் உயர்த்திச் சொல்லாதீர்கள்.

அடுத்து நடுகல். இதற்கு இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைக்காக நடந்த சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. படத்தைக் காட்டுங்கள், உடனே விளக்காதீர்கள். யார் இவர், கையில் என்ன, நாய் ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்கட்டும். பிறகு, இத்தகைய கற்களைத்தான் பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "எங்க ஊர்லயும் இருக்கு சார்" என்று எழும்.

நேரில் பார்க்கப் போனால் ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசவே கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தானே தெளியும்.

பெரியவர்களை வகுப்புக்கு அழைப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். "உங்கள் குலத் தொழில் என்ன?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி சாதியைச் சபையில் நிறுத்தி, பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கும். பாட்டி காலத்துப் பஞ்சம், ஏரி வேலை, கூலி, முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவர் என்று கேளுங்கள். அழைப்பவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். பாரதக் கூத்து ஆடுபவர் வந்தால் தமிழாசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். இருளர்களைப் பற்றிப் பேசும்போது பரிதாபம் வேண்டாம். 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதை அறிவியல் வகுப்பில் சொல்வது இன்னும் பொருத்தம்.

ஒன்பதாம் வகுப்பு வரை இந்த வேலையை வளரறி மதிப்பீட்டில் சேர்த்து மதிப்பெண் கொடுங்கள். பெற்றோர் தயங்கினால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளையே பேச வையுங்கள்.

சேர்ந்த படங்கள், பேட்டிகள், ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். மாறுதலில் போகும் ஆசிரியர் அதை அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.