பாதி மூடிய கேட் வால்வு

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்துக்குத் தண்ணீர் வேகமாக வருகிறது. அந்தக் கிளைக்குழாயின் வார்ப்பிரும்பு கேட் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறோம். சரிதானா?

பதில்: சரியல்ல. கேட் வால்வு தண்ணீரை விடவும் நிறுத்தவும் மட்டுமே. அளந்து விடுவது அதன் வேலை இல்லை. முழுக்கத் திறந்தால் உள்ளிருக்கும் ஆப்பு வடிவத் தகடு மேலே ஏறி ஒதுங்கிவிடும், வழியில் தடையே இருக்காது. பாதியில் நிறுத்தினால் தகட்டின் அடியில் பிறைபோன்ற இடைவெளியில் தண்ணீர் சீறிப் பாயும். தகடு அதிரும், அது அமர வேண்டிய வளையம் அரிபடும். கட்டுப்பாடும் கிடைக்காது: மூடும்போது முதல் பல சுற்றுகளில் ஓட்டம் பெரிதாகக் குறையாது, கடைசிச் சுற்றுகளில் சட்டென்று குறையும்.

"பல வருஷமாக இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லையே" என்பீர்கள். சேதம் வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். குழாய் உடைந்து, அவசரமாக மூடும் நாளில்தான் சொட்டு நிற்காது. போதாக்குறைக்கு வார்ப்பிரும்பில் துருவும் அடிப்பள்ளத்தில் வண்டலும் சேர்ந்திருக்கும். அப்போது பைப் ரெஞ்சு போட்டு முறுக்காதீர்கள்; வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும்.

அளந்து விட ஏற்றது குளோப் வால்வு. அது அழுத்தத்தைத் தின்னும் என்பதும் உண்மையே. மாடிகளுக்கு அது ஆகாது. அழுத்தம் மிஞ்சும் தரைத்தளத்துக்கு அதுதானே வேண்டும்? கேட் வால்வை முழுக்கத் திறந்து, இறுகிக்கொள்ளாமலிருக்கக் கால் சுற்று பின்வாங்கி விடுங்கள். அதையடுத்துக் குளோப் வால்வையோ, செலவு கட்டுப்படியானால் அழுத்தக் குறைப்பு வால்வையோ பொருத்துங்கள்.