பிள்ளைகள் தூங்கிய பிறகு திறக்கும் பாடம்

1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவில்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலையும் பிள்ளைகளுமாக இருக்கும் உம்மா, வாப்பாமார் அதன் வெளிவாரிப் பட்டங்களைப் பற்றி விசாரிக்கலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு.

காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த மொழியில் பரீட்சை, எந்த ஊரில் பரீட்சை, கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? விரிவுரை இணையத்தில் நடந்தாலும், பரீட்சைக்கு நேரில் போக வேண்டி வரலாம். திகதி தெரிந்த அன்றே வேலையிடத்தில் லீவு சொல்லி வையுங்கள்.

நேரம்தான் பெரிய பாடு. இஷாவுக்குப் பிறகு படிப்போம் என்று திட்டமிட்டால், களைத்த கண் ஒத்துழைக்காது. சுபஹ் தொழுத கையோடு கிடைக்கும் முக்கால் மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்பது என் அனுபவம். நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கு மாறும். ஒப்படைகளை அதற்கு முன்பே முடிக்கப் பாருங்கள்.

விரிவுரைப் பதிவுகளை வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்தால் டேட்டா மிஞ்சும். கரண்ட் போகும் நாளுக்கு போனில் சார்ஜ் இருக்கட்டும்.

மகள் வீட்டுப்பாடம் செய்யும் மேசையிலேயே நீங்களும் கொப்பியை விரியுங்கள். விரிவுரை நேரத்தில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள மூத்தம்மாவிடமோ சாச்சியிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள்.