மஞ்சள் விளக்குக் காட்டிய குற்றம்

எமது பழைய காரில், எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரியலாயிற்று. 2008 முதல் இலங்கையில் நடைபெறும் புகைப் பரிசோதனையில் தேறாவிடில் ஆண்டு அனுமதிப்பத்திரம் கிடையாது, அஞ்சினோம். கருவி பொருத்திப் பார்த்த தொழிலாளர் ஒட்சிசன் உணரியைக் குறித்தார். புதியது பூட்டியும் விளக்கு மீண்டும் எரிந்தது.

கழிபுகையில் எஞ்சிய ஒட்சிசனை அளந்துரைப்பதே உணரியின் தொழில். ஆலங்குடாக் கடற்காற்றில் துருவேறிய புகைக்குழாய், உணரிக்கு முன்னே வெடித்திருந்தது. அவ்வழி புகுந்த வெளிக்காற்றையும் அது அளந்தது. மெய்யுரைத்த சாட்சியையன்றோ தண்டித்தோம்!

பெற்றோல் தாங்கியின் மூடி தளர்ந்து ஆவி கசிந்தாலும் இவ்விளக்கு எரிவதுண்டு. ஆதலின் புதிய உறுப்பு வாங்குமுன் மூடியை இறுக்குக. கம்பியிணைப்புக்களையும் குழாயையும் ஆராய்க. விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் நிலை வேறு. எரியாத பெற்றோல், புகையைத் தூய்மையாக்கும் ஊக்கியைச் சுட்டழிக்கும். வேகந் தணித்து, ஏற்ற இடத்தில் வண்டியை நிறுத்துக.