மால்டா பயணம்: எதை முதலில் செய்வது?

மால்டாவுக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக விமானச் சீட்டில் தொடங்குவார்கள். ஹைபோஜியத்தில் தொடங்குங்கள் என்பேன். பாவ்லா ஊரின் சாதாரணத் தெருவீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக இறங்கும் நிலத்தடிக் கல்லறை அது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. நம் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் விதானத்துச் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு தடவைக்குப் பத்துப் பேர் வீதம் நாளொன்றுக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். கோடையில் பல வாரம் முன்பே இடம் தீர்ந்துவிடும். அதை நிர்வகிக்கும் ஹெரிடேஜ் மால்டாவின் இணையதளத்தில் எந்தத் தேதிகள் காலியாக உள்ளன என்று பார்த்து, அதையொட்டி மற்ற நாட்களை அமையுங்கள். விசா வருமுன் பணம் கட்டத் தயக்கமாக இருந்தால், விசா கைக்கு வந்த அன்றே நுழைவுச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது விசா. மால்டா ஷெங்கன் நாடு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்புவரை என்பது கடைசிக் கெடு, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாணயம் யூரோ. ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பேச்சுக்குச் சிரமமில்லை. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு. வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, சுவரிலுள்ள மின்துளையில் செவ்வகக் கால் மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக்தான் பொருந்தும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளை வாட்டிவிடும். ஏப்ரல் முதல் ஜூன் பாதிவரை நடக்க ஏற்ற காலம். கடலில் குளிக்க ஆசையென்றால் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் செப்டம்பர், அக்டோபர்.

தங்குவதற்குத் தலைநகர் வலெட்டாவையோ, துறைமுகத்துக்கு அக்கரையில் படகில் சில நிமிடத்தில் எட்டும் ஸ்லீமாவையோ தேர்ந்தெடுங்கள். மால்டாவின் நீளம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்து ஒரே நாளில் ஐந்து இடம் என்று போட்டுவிடாதீர்கள். நெரிசலில் பஸ் ஊர்ந்துதான் போகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவு போதும். நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தால் மட்டும் பஸ் நிற்காது, கையை நீட்ட வேண்டும். நிரம்பிய பஸ் நிற்காமலே போய்விடும், ஆகவே கூடியவரை புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். வலெட்டா நகர வாசலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றை ஒட்டித்தான் பெரிய பஸ் நிலையம். ஓர் எச்சரிக்கை: இம்ஜார் என்ற பெயரில் மால்டாவில் ஒரு கிராமமும் கோசோ தீவில் படகுத்துறையும் உண்டு. ரபாத் என்ற பெயரிலும் தீவுக்கு ஓர் ஊர். பலகையில் எது எழுதியிருக்கிறது என்பதோடு, எந்தத் தீவு என்றும் பாருங்கள்.

வலெட்டாவில் செயின்ட் ஜான் இணைப் பேராலயத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். தோள் மூடிய உடை வேண்டும். ஊசிக்குதிச் செருப்புக்கு அனுமதியில்லை, ஏனென்றால் தரை முழுக்க செயின்ட் ஜான் சபை வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். பக்க மண்டபத்தில் கரவாஜியோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு ஓவியம் இருக்கிறது. முதலில் தூர நின்று பாருங்கள்: படத்தின் வலப்பாதி ஏறக்குறைய வெறுமை, சிறைச்சன்னலில் இரண்டு முகங்கள் மட்டும். பிறகு கிட்டே போய் யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்தைக் கவனியுங்கள். அந்தச் சிவப்பிலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். இதற்காக மட்டுமே மால்டாவுக்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுக்கு, தெருமுனைக் கடைகளில் சூடாக விற்கும் பஸ்திட்ஸி. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று, மசித்த பட்டாணி வைத்தது இன்னொன்று. உதிரும் அடுக்கு மாவு. சைவர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மொச்சைவகைப் பயற்றைப் பூண்டோடு மசித்த பிகில்லாவும் கிடைக்கும்.

கோசோவுக்குச் சிர்கேவா துறையிலிருந்து பெரிய கப்பல், 25 நிமிடம். போகும்போது யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது இம்ஜாரில் இருவழிக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். வலெட்டாவிலிருந்து நேரே போகும் விரைவுப்படகும் உண்டு, முக்கால் மணி நேரம். ஒரு நாளில் ஓடிவராமல் ஓர் இரவு தங்கினால், பகல்கூட்டம் கலைந்தபின் சிட்டடெல்லா கோட்டை மதிலில் நிதானமாக நடக்கலாம். பிரசித்தி பெற்ற அஜூர் விண்டோ பாறை வளைவைத் தேடாதீர்கள். 2017 மார்ச்சில் புயலில் கடலுக்குள் இடிந்து விழுந்துவிட்டது.

கடைசியாக, காற்று. தினமும் காலையில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுக் கரையை முடிவு செய்யுங்கள். வடக்கிலிருந்து பலமாக அடித்தால் தெற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். தெற்குக் காற்றில் அந்தக் கரையிலுள்ள புளூ கிரோட்டோ குகைக்குப் படகு விடமாட்டார்கள். கிரிகால் என்னும் வடகிழக்குக் காற்று குளிர்காலத்தில் கிளம்பினால் கோசோ கப்பலே நின்றுபோகும். அதனால் கோசோவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள், விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவை மால்டாவிலேயே கழியுங்கள்.